பேக்கப்பிலிருந்து மெய்நிகர் கணினியை மீட்டு பூட் செய்வது: ப்ராக்ஸ்மாக்ஸ் வழிமுறை

இரவு பேக்கப் முடிந்ததும் 'வெற்றி' என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதை நம்பி நிம்மதியாக இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் நான் பெரும்பாலும் வேலை செய்கிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் அவை. ஒரு ஏ.சி. அறை, அதில் ஒன்றோ இரண்டோ சர்வர், அந்த சர்வருக்குள் நான்கைந்து மெய்நிகர் கணினிகள், அதாவது தனிக் கணினிபோலவே நடந்துகொள்ளும் மென்பொருள் கணினிகள். அந்த மின்னஞ்சல் உறுதி சொல்வது ஒரு கோப்பு எழுதி முடிக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே. அந்தக் கோப்பிலிருந்து விண்டோஸ் எழுந்து, டேலி கணக்கு மென்பொருள் திறந்து, நேற்று மாலை போட்ட கடைசி பில் கண்ணில் பட்டால்தான் என் கணக்கில் அது பேக்கப்.

இங்கே விளக்கப்போவது ப்ராக்ஸ்மாக்ஸ் வி.இ.யில் செய்யும் முறை. மெய்நிகர் கணினிகளை ஓட்டுவதற்காக வியன்னாவில் உள்ள ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவரும் திறமூல மென்பொருள் இது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் இதே வகை மென்பொருளை விற்றுவந்த விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியபிறகு எங்கள் பக்கத்தில் பலர் இதற்கு மாறிவிட்டார்கள். விஎம்வேரிலிருந்து வந்த கணினிகளுக்கு மட்டும் சில தனிச் சிக்கல்கள் உண்டு; அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன். கட்டளை வரியிலும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் நெருக்கடி நேரத்தில் எழுத்துப்பிழைக்கு இடம் கொடுக்காதது இணைய இடைமுகம்தான். உலாவியில் 8006 என்ற போர்ட்டில் அது திறக்கும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கணினிகளை வைத்துக்கொள்வோம். 104 என்ற எண் கொண்டது விண்டோஸ் சர்வர் 2019. அதில் டேலி, 60 ஜி.பி. சி டிரைவ், 200 ஜி.பி. டி டிரைவ். 107 என்பது உபுண்டு. அதில் உற்பத்திக் கணக்கு மென்பொருளும் அதற்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இருக்கின்றன. இனி இவற்றை வி.எம். என்றே குறிப்பிடுகிறேன், எங்கள் தொழிலில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை.

ரீஸ்டோர் பொத்தானைத் தொடுவதற்கு முன்

கெட்டுப்போன வி.எம்.மை அழிக்காதீர்கள். ஷட்டவுன் செய்து அப்படியே விட்டுவையுங்கள். மாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற மாதாந்தர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய நாளில் சர்வர் படுத்துவிட்டால், முதலாளி பின்னால் வந்து நின்றுகொண்டு "பழையதைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள் தம்பி" என்பார். பேக்கப்பில் இல்லாத இன்று காலைப் பதிவுகள் அந்தக் கெட்ட வட்டில்தான் இருக்கின்றன. இடம் போதவில்லை என்றால் வெளியிலிருந்து ஒரு வட்டைக் கொண்டுவந்து செருகுங்கள், பழையது இருக்கட்டும்.

அடுத்து, பேக்கப் பட்டியலில் நீங்கள் நம்பும் பிரதியைத் தேர்ந்தெடுத்து அதைப் 'புரொடெக்டட்' என்று குறியுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. கடைசி 7 பிரதிகளை மட்டும் வைத்துக்கொள் என்று விதி எழுதியிருந்தால், இன்றிரவும் பேக்கப் வேலை ஓடும்; கெட்டுப்போன வி.எம்.மையே விசுவாசமாகப் பிரதி எடுக்கும். பழைய நல்ல பிரதி ஒன்றைத் தூக்கி எறியும். நீங்கள் சிக்கலோடு மல்லாடும் ஒவ்வோர் இரவும் ஒரு நல்ல பிரதி குறையும். குறியிட்ட பிரதியை அந்த விதி தொடாது. கையோடு அந்த வி.எம்.முக்கான பேக்கப் வேலையையும் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள்.

முழு வி.எம்.மையும் மீட்கத்தான் வேண்டுமா என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். கணக்காளர் ஒரு கோப்புறையை அழித்துவிட்டார் என்றால் அதற்கு 260 ஜி.பி.யை நகர்த்தத் தேவையில்லை. பிரதிகளைச் சேமிப்பதற்கென்றே உள்ள ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற தனி மென்பொருளை வைத்திருந்தால் 'ஃபைல் ரீஸ்டோர்' என்ற பொத்தான் இருக்கும். அதன் வழியே பிரதிக்குள் நுழைந்து, வேண்டிய கோப்புறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிணைக்கைதி வைரஸ் (ரான்சம்வேர்) தாக்கிய நேரத்திலும் இது உதவும். ஒவ்வொரு தேதியின் பிரதிக்குள்ளும் எட்டிப்பார்த்து, கோப்புகளின் பெயர்கள் எந்த நாளில் கோணலாக மாறின என்று கண்டுபிடித்து, அதற்கு முந்தைய பிரதியை எடுக்கலாம்.

பிரதிக்குள் என்ன இருக்கிறது

பட்டியலில் பிரதியைத் தேர்ந்தெடுத்தால் மேலே 'ஷோ கான்ஃபிகரேஷன்' என்று ஒரு பொத்தான் உயிர்பெறும். அதை அழுத்திப் படியுங்கள். நினைவகம் எவ்வளவு, வட்டுகள் எத்தனை, எந்த நெட்வொர்க் பாலத்தில் இணைந்திருந்தது, பயாஸ் எந்த வகை என்று எல்லாம் அதில் இருக்கும். முக்கியமாக, வட்டு வரிகளில் 'பேக்கப்=0' என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வட்டுக்கும் பேக்கப் எடுக்கவா வேண்டாமா என்று ஒரு தேர்வுப்பெட்டி ப்ராக்ஸ்மாக்ஸில் உண்டு. வேகம் வேண்டும் என்றோ இடம் மிச்சமாகட்டும் என்றோ எவரோ ஒருவர் டி டிரைவின் தேர்வை நீக்கியிருந்தால், பேக்கப் வேலை ஒவ்வோர் இரவும் வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தரவு டி டிரைவில் இருக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் மணிக்கணக்கில் நேரம் மிச்சம்; முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவும் அவகாசம் கிடைக்கும்.

பிரதிகள் இரண்டு வடிவங்களில் இருக்கலாம். பேக்கப் சர்வர் இல்லாத இடங்களில் ஒரு வி.எம்.முக்கு ஒரு பெரிய சுருக்கப்பட்ட கோப்பு உருவாகும். அதன் பெயரில் வி.எம். எண், தேதி, நேரம் எல்லாம் அடிக்கோட்டுடன் வரிசையாக இருக்கும். பெயரை மாற்றாதீர்கள். 'டேலி பழையது' என்று அழகாகப் பெயர் மாற்றி யு.எஸ்.பி. வட்டில் வைத்திருப்பார்கள், புதிய சர்வரில் சேமிப்பிடத்தின் 'டம்ப்' கோப்புறையில் போட்டாலும் இடைமுகம் அதைக் கண்டுகொள்ளாது. எண்ணும் தேதியும் பழைய வடிவில் திரும்பினால்தான் பட்டியலில் வரும். அந்தச் சேமிப்பிடத்தின் அமைப்பில் பேக்கப் வகைக் கோப்புகளுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். யு.எஸ்.பி. வட்டிலிருந்து வந்த கோப்பு என்றால், மீட்கத் தொடங்கும் முன் சுருக்கத்தைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டிவிடுவது நல்லது. பாதியில் பிய்ந்த கோப்பு என்றால் 95 சதவீதத்தில் தெரிவதைவிடத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பேக்கப் சர்வர் இருந்தால் நிலைமை வேறு. அது ஒவ்வொரு வட்டையும் 4 எம்.ஐ.பி. துண்டுகளாக வெட்டி, ஒரே துண்டு இரண்டு முறை வராமல் சேமிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புக் கையொப்பம் இருப்பதால், 'வெரிஃபை' வேலையை ஓட்டினால் எந்தத் துண்டு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். அந்த வேலைக்கு வாராந்தர அட்டவணை போட்டுவையுங்கள். ஆனால் சர்வர் பெட்டியே எரிந்துபோய், புதுப் பெட்டியில் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, பேக்கப் சர்வரோடு இணைக்கும் நாளில் மூன்று பொருள்கள் கையில் இருக்கவேண்டும்: பயனர் கடவுச்சொல், பேக்கப் சர்வரின் சான்றிதழ்க் கைரேகை, பேக்கப்பைக் குறியாக்கம் செய்திருந்தால் அதன் சாவி. கைரேகையை பேக்கப் சர்வரின் முகப்புப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். சாவி விஷயத்தில் சமாதானமே இல்லை. அது எரிந்த பெட்டியின் உள்ளேதான் இருந்தது. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை என்றால் பேக்கப் சர்வரில் இருப்பது அத்தனையும் குப்பை. யாராலும் திறக்க முடியாது. சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு நிறுவனத்தின் பீரோவில் வைக்கச் சொல்வேன். காகிதமா என்று சிரிப்பார்கள். அச்சிடுவதற்கென்றே தனி வசதியை அந்த மென்பொருளை எழுதியவர்களே வைத்திருக்கிறார்கள்.

பிரதிகளில் வராத ஒன்றும் இருக்கிறது: சர்வரின் சொந்த அமைப்பு. நெட்வொர்க் பாலங்கள், வி.லேன் எண்கள், சேமிப்பிடங்களின் பெயர்கள் ஆகியவை வி.எம். பேக்கப்பில் இல்லை. அவற்றைத் தனியாக எழுதி வைத்திருப்பவர் புதுப் பெட்டியில் சீக்கிரம் கரையேறுவார்.

மீட்பு

ரீஸ்டோர் பொத்தான் இடைமுகத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது. வி.எம்.மின் சொந்த 'பேக்கப்' தாவலில் ஒன்று. சேமிப்பிடத்தின் 'பேக்கப்ஸ்' பட்டியலில் இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் இடத்தில் அழுத்தினால் இப்போது இருக்கும் வி.எம்.மின் மேலேயே எழுதிவிடும். வட்டு அழியும் என்று ஓர் எச்சரிக்கை வரும், அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. இரண்டாவது இடத்திலிருந்து தொடங்கினால் புதிய எண்ணைக் கேட்கும். எப்போதும் இரண்டாவதையே பயன்படுத்துங்கள். 104க்கு 904, 107க்கு 907 என்று 900 வரிசையில் எண் கொடுப்பது என் பழக்கம். பட்டியலில் கீழே தனியாக நிற்கும். எது பழையது, எது மீட்டது என்று நள்ளிரவிலும் குழப்பம் வராது.

திறக்கும் சாளரத்தில் 'ஸ்டோரேஜ்' என்ற கட்டத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். காலியாக விட்டால் பழைய வி.எம். இருந்த சேமிப்பிடத்தின் பெயரைத் தேடும். புதுப் பெட்டியில் அந்தப் பெயர் இல்லை என்றால் தொடக்கத்திலேயே நின்றுவிடும். எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் எல்.வி.எம். தின் வகைச் சேமிப்பிடமாக இருந்தால் உண்மையில் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். ஒவ்வொரு வட்டுக்கும் வாக்களித்த அளவின் கூட்டுத்தொகை கையிருப்பைவிட அதிகமாக இருக்கலாம். அது நிரம்பிவிட்டால் மீட்பு மட்டும் தோற்காது; அதே சேமிப்பிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வி.எம்.களும் எழுத இடமின்றி உறைந்து நிற்கும்.

'யூனீக்' என்ற தேர்வு நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் புதிதாக உருவாக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான மீட்பு என்றால் தேர்ந்தெடுக்காமல் விடுவதே மேல். சில மென்பொருள் உரிமங்கள் மேக் முகவரியைப் பார்க்கும். ரவுட்டரில் அந்த முகவரிக்கென்று ஐ.பி. ஒதுக்கியிருப்பார்கள், முதல் பூட்டில் அமைப்புகளை எழுதும் கிளவுட்-இனிட் நிரல் உருவாக்கிய உபுண்டு நெட்வொர்க் கோப்பு மேக் முகவரியை வைத்துத்தான் அட்டையை அடையாளம் காணும். முகவரி மாறினால் 107 நன்றாக எழுந்து, நெட்வொர்க் இல்லாமல் ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

'ஸ்டார்ட் ஆஃப்டர் ரீஸ்டோர்' வேண்டாம். முதல் பூட்டுக்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. 'லைவ் ரீஸ்டோர்' பேக்கப் சர்வரில் இருக்கும் பிரதிகளுக்கு மட்டும் கிடைக்கும். 2021இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து உண்டு. வி.எம். உடனே எழும், கேட்கக் கேட்க அந்தந்தத் துண்டு பேக்கப் சர்வரிலிருந்து வரும், மீதி பின்னணியில் நகரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் இணைப்பு அறுந்தால், அதுவரை அந்த வி.எம்.மில் எழுதியது அனைத்தும் போய்விடும். வெறும் கோப்புகளைப் பார்க்க மட்டும் பயன்படும் சர்வருக்கு இதைப் பயன்படுத்துவேன். பில் போடும் சர்வருக்கு ஒருபோதும் மாட்டேன். பகல் முழுக்கப் போட்ட பில்களை மறுபடி போடச் சொன்னால் கணக்கறையில் எனக்குத் தேநீர்கூடக் கிடைக்காது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். முதலிலேயே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்.பி. கிடைத்தால் நல்ல வேகம். 500 ஜி.பி. தரவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பேக்கப் சர்வரில் சாதாரண சுழல் வட்டு இருந்தால், துண்டுகளைத் தேடித் தேடி எடுப்பதில் இன்னும் நீளும். அதனால் கணக்கில் வருவதை இரட்டிப்பாக்கிச் சொல்வேன்.

ஓடும்போது பதிவுச் சாளரத்தைத் திறந்து வைத்திருங்கள். சதவீதம் சீராக ஏறாது. முதல் 20 சதவீதம் நகராமல் நிற்பதுபோல் இருக்கும். பிறகு 60இலிருந்து 90க்கு ஒரே தாவலாகத் தாவும். வட்டின் வெற்றுப் பகுதிகள் பூச்சியங்களாக இருப்பதால் அவற்றை எழுதாமல் தாண்டிச் செல்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. கடைசி வரியில் 'டாஸ்க் ஓகே' என்று வரவேண்டும்.

முதல் பூட்

904 பட்டியலில் வந்துவிட்டது. இப்போதே ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். 'ஹார்டுவேர்' பகுதியில் நெட்வொர்க் அட்டையைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'டிஸ்கனெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம் அது. நேற்றைய நினைவோடு எழும் சர்வர் வெளியுலகத்தைப் பார்த்தவுடன் தன் கடமைகளைச் செய்யத் தொடங்கிவிடும்: நேற்று வரிசையில் நின்ற மின்னஞ்சல்களை வாடிக்கையாளர்களுக்கு மறுபடி அனுப்பும், கிளை அலுவலகத்தோடு தரவை ஒத்திசைக்கப் போகும், அதே ஐ.பி.யில் இன்னொன்று ஓடினால் அதோடு சண்டைபோடும். கன்சோல் சாளரத்துக்கு நெட்வொர்க் தேவையில்லை. வேலை முழுவதையும் அதிலேயே பார்க்கலாம். 'ஸ்டார்ட் அட் பூட்' தேர்வையும் நீக்கிவிடுங்கள். சிடி டிரைவில் ஏதாவது ஐ.எஸ்.ஓ. கோப்பு செருகியிருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

பிறகு கன்சோலை முதலில் திறந்து, அதிலேயே தெரியும் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்துங்கள். முதல் சில நொடிகளில் திரையில் தோன்றி மறையும் செய்தியைத் தவறவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை.

இனி எதுவரை போய் நிற்கிறது என்று பார்த்தால் காரணத்தை ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

திரை எழவே இல்லை, கீழே பணிப்பதிவில் சிவப்பில் ஒரு வரி வருகிறது என்றால், குறை வி.எம்.முக்குள் இல்லை, சர்வர்தான் தொடங்க மறுக்கிறது. அந்த வரியைப் படித்தாலே போதும். நெட்வொர்க் பாலம் இல்லை என்றால் பழைய பெட்டியில் இரண்டாவது பாலம் இருந்தது, இங்கே இல்லை. ஐ.எஸ்.ஓ. கோப்பு இல்லை என்றால் சிடி டிரைவைக் கவனிக்கவில்லை. நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்றால் 16 ஜி.பி.யை 8 ஆகக் குறையுங்கள். செயலி வசதி இல்லை என்றால், புதிய செயலிக்கென்று அமைத்த வகையைப் பழைய பெட்டி தாங்கவில்லை, வகையைக் கீழிறக்குங்கள். கே.வி.எம். கிடைக்கவில்லை என்று வந்தால் அந்தப் பெட்டியின் பயாஸில் மெய்நிகராக்க வசதியை யாரும் இயக்கவில்லை. பெட்டியில் நேரடியாகச் செருகியிருந்த கிராபிக்ஸ் அட்டை போன்றவற்றை வி.எம்.முக்குக் கொடுத்திருந்தால் அந்த வரியையும் நீக்கவேண்டும்.

திரை எழுகிறது, ஆனால் பூட் செய்ய வட்டு இல்லை என்கிறது, அல்லது மஞ்சள் எழுத்துகளோடு ஏதோ ஒரு ஷெல்லில் போய் நிற்கிறது என்றால், முதலில் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் பூட் வரிசையைப் பாருங்கள். நெட்வொர்க் முதலில் இருந்து வட்டு தேர்வாகாமல் இருக்கலாம். பிறகு பயாஸ் வகையைப் பாருங்கள். பழைய பயாஸ் முறையில் நிறுவிய விண்டோஸ் அதன் புதிய வடிவமான யு.இ.எஃப்.ஐ.யில் எழாது, யு.இ.எஃப்.ஐ.யில் நிறுவியது பழைய பயாஸில் எழாது. வகை சரியாக இருந்தும் ஷெல்லுக்கே போகிறது என்றால் பூட் பதிவுகளை வைத்திருக்கும் சிறிய இ.எஃப்.ஐ. வட்டு வராமல் போயிருக்கும். தொடங்கும்போது எஸ்கேப் அழுத்தி அமைப்புக்குள் நுழைந்து, பூட் பராமரிப்பு மெனுவில் கோப்பிலிருந்து பூட் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்து, இ.எஃப்.ஐ. பகிர்வில் உள்ள பூட் கோப்பை நீங்களே காட்டுங்கள். எழுந்தால், ஹார்டுவேரில் புதிய இ.எஃப்.ஐ. வட்டைச் சேர்த்து அந்தப் பதிவை நிரந்தரமாக்குங்கள். அதைச் சேர்க்கும்போது முன்சாவிகளைப் பதிக்கவா என்று ஒரு தேர்வு வரும். கையொப்பமில்லாத பூட்லோடர் கொண்ட லினக்ஸ் என்றால் வேண்டாம் என்று விடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி மறுக்கப்பட்டது என்று திருப்பி அனுப்பும்.

பிட்லாக்கரால் வட்டைக் குறியாக்கம் செய்த விண்டோஸில், அதன் சாவியைக் காக்கும் டி.பி.எம். வட்டு கூடவே வரவில்லை என்றால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் மேலே போக வழியில்லை.

லினக்ஸ் இரண்டு இடங்களில் நிற்கும். குறிப்பிட்ட அடையாள எண் கொண்ட வட்டு இல்லை என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கப் படிமம்) ஷெல்லில் விட்டால், வட்டுக் கட்டுப்படுத்தி மாறியிருக்கிறது, அதற்கான டிரைவர் தொடக்கப் படிமத்தில் இல்லை. விஎம்வேரிலிருந்து வந்த ரெட்ஹாட் குடும்ப லினக்ஸ்களில் இது அடிக்கடி நடக்கும். அவை அந்த நேரத்தில் இருந்த வன்பொருளுக்கு வேண்டியதை மட்டும் படிமத்தில் வைக்கின்றன. பூட் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் 'ரெஸ்கியூ' என்ற சொல் உள்ள கர்னலைத் தேர்ந்தெடுத்தால், எல்லா டிரைவர்களும் அதில் இருப்பதால் எழுந்துவிடும். உள்ளே போய் டிராகட் கட்டளையால் படிமத்தைப் புதிதாக உருவாக்குங்கள்.

இன்னோர் இடம், ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று 90 நொடி எண்ணிவிட்டு அவசர நிலைக்குப் போவது. பூட்டில் இணைக்கவேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு வட்டு வரவில்லை என்று அர்த்தம். பேக்கப் எடுக்காத இரண்டாவது வட்டாக இருக்கலாம். ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்து, அந்த வரியின் முன்னால் ஒரு # குறி போட்டு மறுபடி பூட் செய்யுங்கள். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியிருக்கும், சில நேரம் உள்ளே விடாது. அப்போது கிரப் மெனுவில் திருத்தும் வசதியைத் திறந்து, கர்னல் வரியின் கடைசியில் தொடக்க நிரலாக பாஷைக் குறிப்பிட்டால் நேராக ஷெல் கிடைக்கும். வட்டை எழுதக்கூடியதாக மறுபடி மவுன்ட் செய்துவிட்டுக் கோப்பைத் திருத்தலாம்.

விண்டோஸ் நீலத்திரையில் பூட் வட்டை அணுக முடியவில்லை என்று சொன்னால், எண் 0x7பி, காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: மெய்நிகர் வட்டைப் படிக்கவேண்டிய விர்ட்-ஐ.ஓ. டிரைவர் உள்ளே இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடிய வி.எம்.மை ப்ராக்ஸ்மாக்ஸிலேயே மீட்டால் இது வராது. விஎம்வேர் வட்டையோ நேரடிக் கணினியின் படிமத்தையோ கொண்டுவந்தால் வரும். வட்டைக் கழற்றி சாட்டா வகையில் மறுபடி இணையுங்கள், பூட் வரிசையில் அதைத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். கூடவே 1 ஜி.பி. அளவில் ஒரு வெற்று வட்டை ஸ்கஸி வகையில் சேர்த்து, டிரைவர் ஐ.எஸ்.ஓ.வைச் செருகி, நிறுவியை ஓட்டுங்கள். அந்த வெற்று வட்டு டிவைஸ் மேனேஜரில் ஒழுங்காகத் தெரிகிறது என்றால் டிரைவர் வேலை செய்கிறது. ஷட்டவுன் செய்து, உண்மையான வட்டை ஸ்கஸிக்கு மாற்றி, வெற்று வட்டை நீக்கி, பூட் வரிசையை மறுபடி சரிசெய்யுங்கள். வெற்று வட்டைச் சேர்க்காமல் டிரைவரை மட்டும் நிறுவி மாற்றுபவர்கள் மறுபடி நீலத்திரையைப் பார்ப்பார்கள். அந்த வகை வன்பொருளை ஒரு முறையாவது பார்த்தபிறகுதான் விண்டோஸ் அந்த டிரைவரை பூட் நேரத்தில் ஏற்றும்.

எழுந்தபிறகு

முறையாக நிறுத்தப்படவில்லை என்று விண்டோஸ் குறைபட்டுக்கொள்ளும். லினக்ஸ் வட்டின் பதிவேட்டை ஓட்டிச் சரிசெய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பிரதி என்பது மின்சாரம் போன கணத்தின் வட்டுதான். வி.எம்.முக்குள் சர்வரோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரலை நிறுவியிருந்தால், பிரதி எடுக்கும் கணத்தில் கோப்பு முறைமையை உறையவைத்து எடுத்திருக்கும். அது இன்னும் சுத்தம். போஸ்ட்கிரெஸ் தன் எழுத்துப் பதிவுகளை மறுபடி ஓட்டித் தானே சீராகிவிடும். ஆனாலும் அதன் பதிவுக் கோப்பைத் திறந்து, மீட்பு முடிந்தது, இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரிகளைக் கண்ணால் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் பழைய மைஐசாம் வகை அட்டவணைகள் இருந்தால் அவற்றைத் தனியாகச் சோதித்துப் பழுதுபார்க்கவேண்டும்.

டேலியைத் திறந்து கடைசிப் பதிவின் எண்ணையும் தேதியையும் கணக்காளரையே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரதி எடுத்த நேரத்துக்கும் சர்வர் விழுந்த நேரத்துக்கும் இடையில் என்னென்ன பில் போட்டார் என்று அவருக்குத்தான் தெரியும். அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் பழைய வட்டை அழிக்கவேண்டாம் என்றேன். அந்த வட்டைப் படிக்க முடிகிறது என்றால் 904இல் கூடுதல் வட்டாக இணைத்துத் தரவுக் கோப்புறையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது 104 நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன் 'ஸ்டார்ட் அட் பூட்' தேர்வையும் நீக்கிவிட்டு, 904இன் நெட்வொர்க்கை இணையுங்கள். இதை மறந்தால் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு இரண்டும் ஒன்றாக எழுந்து ஒரே ஐ.பி.க்கு அடித்துக்கொள்ளும். விஎம்வேரிலிருந்து வந்த லினக்ஸ் என்றால் அட்டையின் பெயர் இஎன்எஸ்192 என்பதிலிருந்து இஎன்எஸ்18 என்று மாறியிருக்கும்; அமைப்புக் கோப்பில் திருத்தவேண்டும். விண்டோஸில் அட்டை புதிதாகத் தெரிந்தால் பழைய நிலையான ஐ.பி. மறைந்திருக்கும் பழைய அட்டையிடம் மாட்டிக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை நீக்குங்கள். கூடவே புதிய நெட்வொர்க்கைப் பொது வகை என்று எண்ணி ஃபயர்வால் ரிமோட் டெஸ்க்டாப்பை அடைத்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் யாராலும் உள்ளே வர முடியவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் சேர்ந்த சர்வர் என்றால், அது தன் கணக்கின் கடவுச்சொல்லை இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும். பழைய பிரதி பழைய கடவுச்சொல்லோடு வந்தால் நம்பிக்கை உறவு முறிந்தது என்று உள்ளே விடாது. உள்ளூர் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து பவர்ஷெல்லில் அந்த உறவைச் சீரமைக்கலாம். அதற்கு அந்தக் கணக்கின் கடவுச்சொல் தெரிந்திருக்கவேண்டும். டொமைனை நடத்தும் டொமைன் கன்ட்ரோலரே விழுந்து, இன்னொரு கன்ட்ரோலர் உயிரோடு இருந்தால், நான் பேக்கப்பைத் தொடவே மாட்டேன். புதிதாக ஒன்றை நிறுவி உயிரோடு இருப்பதிலிருந்து நகலெடுக்கவிடுவது சுலபம், ஆபத்தும் குறைவு.

ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பழைய பெட்டியின் யு.எஸ்.பி. முனையில் செருகியபடியே இருக்கும். அதைக் கழற்றிப் புதிய பெட்டியில் செருகி, எந்த முனை என்று வி.எம். அமைப்பில் மாற்றுங்கள்.

பிறகு பேக்கப் வேலையைத் திறங்கள். அதில் எந்தெந்த வி.எம். என்று எண்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், பட்டியலில் இருப்பது 104. இப்போது ஓடுவது 904. புதிய எண்ணைச் சேர்த்து, வேலையை இப்போதே ஒரு முறை ஓட்டுங்கள். பேக்கப் சர்வரின் கண்ணுக்கு இது புதிய வி.எம். என்பதால் முதல் முறை வட்டு முழுவதையும் படிக்கும், நேரம் ஆகும்; துண்டுகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பதால் இடம் அவ்வளவாகக் கூடாது. 104இன் பிரதிகளில் போட்ட 'புரொடெக்டட்' குறியை மாதக் கணக்கு முடிந்து, கணக்காளர் எல்லாம் சரி என்று சொன்னபிறகு எடுங்கள். 104ஐ அழிப்பதும் அப்போதுதான்.